1960 மாரிஸ் மைனர்: பழைய பாகங்களைச் சீர்செய்வதா, புதியவற்றை வாங்கிப் பூட்டுவதா?

மைனர்1960

அனைவருக்கும் வணக்கம். என் மாமாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த 1960ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் 1000 கார் ஒன்றைக் கடந்த சில மாதங்களாகச் சிறிது சிறிதாக ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். 948 சி.சி. எஞ்சின், ஒற்றை எஸ்.யூ. நிறுவனக் கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி), நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். 15 ஆண்டுகள் கொட்டகையில் நின்ற வண்டி என்றாலும் தகரம் பெரிதாக அரிக்கப்படவில்லை. எஞ்சின் கைப்பிடி போட்டுச் சுற்றினால் தடையின்றிச் சுழல்கிறது, நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது.

சிக்கல் எல்லாம் எஞ்சினைச் சுற்றியுள்ள துணைக் கருவிகளில்தான். ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்குகிறது. கார்பரேட்டரின் காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் தண்டைப் பிடித்து ஆட்டினால் கையில் ஆட்டம் தெரிகிறது. ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டும் பக்கவாட்டில் ஆடுகிறது. மின்சாரம் உண்டாக்கும் டைனமோவின் பின்முனையிலிருந்து ஓர் இரைச்சல் வருகிறது. சக்கரங்களில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர்களில் இரண்டில் கசிவு, பின்பக்கத்து நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய்க் கசிவு, முன் பம்பரில் குரோமியப் பூச்சு புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருக்கிறது.

என் மெக்கானிக் அனுபவசாலி. அவர், இவை அனைத்தையும் கழற்றி எறிந்துவிட்டு, இப்போது புதிதாகச் செய்து விற்கப்படும் மாற்றுப் பாகங்களைப் பூட்டிவிடலாம், பழையதை நோண்டிக்கொண்டே இருந்தால் வண்டி ஒருநாளும் சாலைக்கு வராது என்கிறார். பழைய வண்டிகளில் ஊறிப்போன என் நண்பர் ஒருவரோ, ஒரு நட்டை மாற்றினாலும் அது மாமாவின் வண்டியாக இருக்காது என்று சண்டைக்கு வருகிறார். நான் மெக்கானிக்கின் சொல்லைக் கேட்டு முதலில் டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் புதிதாக வாங்கினேன். பார்வைக்கு அச்சு அசலாகப் பழையதைப் போலவே இருந்தது. இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அதன் பிறகு எஞ்சின் நன்றாகச் சூடானதும் அணைந்துவிடுகிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. அதிலுள்ள கண்டன்சரை (மின்தேக்கியை) மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

எதைச் சீர்செய்வது, எதை மாற்றுவது என்பதை எந்த அடிப்படையில் முடிவு செய்கிறீர்கள்? பணத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. எந்த வழியில் போனால் வண்டி நம்பிக்கையாக ஓடும் என்பதே என் முதல் கவலை.

கடைசல் பட்டறை

முதலில் ஒரு வேண்டுகோள்: கழற்றிய எதையும் எறியாதீர்கள். மாற்றுப் பாகம் வந்து, பூட்டி, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகும் எறியாதீர்கள். நீங்கள் இப்போது சூடானால் அணையும் வண்டியோடு நிற்கும் நிலையில், பழைய டிஸ்ட்ரிபியூட்டர் உங்கள் அலமாரியில் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் லேத் வேலை செய்கிறவன். என் கைக்கு ஒரு பாகம் வந்தால் "இது பழையதா, புதியதா" என்று பார்ப்பதில்லை. இதில் தேய்ந்தது எது என்று பார்ப்பேன். பெரும்பாலான துணைக் கருவிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உலோகம் தேய்வதே இல்லை. வார்ப்பு உடல் அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். தேய்வது அதற்குள் ஓடும் ஒரு தண்டு, அந்தத் தண்டைத் தாங்கும் ஒரு துளை, ஒரு சீல், ஒரு வில். தேய்ந்ததை மட்டும் மாற்றித் தேயாததை வைத்துக்கொள்ள முடியுமானால், அந்தக் காரை வடிவமைத்தவர்கள் தேர்ந்தெடுத்த உலோகமும் அளவுகளும் உங்களிடமே தங்குகின்றன. முழுவதையும் மாற்றினால், தேயாத பகுதிக்கும் சேர்த்து இன்னொருவரின் அளவெடுப்பை நம்ப வேண்டியிருக்கிறது.

உங்கள் கார்பரேட்டர் இதற்குச் சரியான உதாரணம். அதில் திராட்டில் தண்டும் அது சுழலும் இரு பக்கத் துளைகளும் தேய்ந்திருக்கும். அந்த இடைவெளி வழியாக, கணக்கில் வராத காற்று உள்ளே நுழைவதால் ஐடிலிங்கில் கலவை மெலிந்து, எஞ்சின் ஏறி இறங்குகிறது. முடிவெடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள்: எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது தண்டின் இரு முனைகளிலும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வேகம் மாறினால் கசிவு அங்கேதான். சிலர் பெட்ரோலையோ கிளீனர் ஸ்பிரேயையோ அடித்துப் பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் அது தேவையில்லாத துணிச்சல்.

தேய்வு தண்டில் மட்டும் இருந்தால் புதுத் தண்டே போதும். ஆகவே முதலில் புதுத் தண்டைச் செருகி ஆட்டிப் பாருங்கள். அப்போதும் ஆடினால்தான் துளைகளைப் பெரிதாக்கிப் புஷ் (உலோக உள்வளையம்) அடித்து ரீமர் (துளையைத் துல்லியமாக்கும் வெட்டுக்கருவி) ஓட்ட வேண்டும். இந்த வேலையில் இரு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். மயிரிழை விலகினாலும் திராட்டில் வட்டத் தகடு முழுதாக மூடாமல் ஒரு பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தகட்டைப் பிடிக்கும் இரண்டு திருகாணிகளின் முனை பிளந்திருக்கும். புதியவை போட்டுப் பிளவை விரித்துவிட மறந்தால், அவை கழன்று விழும் இடம் எஞ்சினின் உள்ளேதான்.

எஸ்.யூ.வின் மேல்பகுதியில் இருக்கும் மணி போன்ற அறையும் அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று இணையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. வேறொரு கார்பரேட்டரின் பிஸ்டனை இதில் போடக் கூடாது, உப்புத்தாள் கொண்டு தேய்க்கவும் கூடாது. துணியில் கரைப்பானைத் தொட்டுத் துடைத்தால் போதும். பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியையும் அது ஏறி இறங்கும் ஜெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஏனெனில் ஒன்றோடொன்று உரசியே அவை தேய்கின்றன. உங்களுடைய பழைய வகைக் கார்பரேட்டரில் ஜெட்டைச் சுற்றிக் கார்க் வளையங்கள் இருக்கும். 15 ஆண்டுகள் காய்ந்துகிடந்த கார்க் சுருங்கிப்போயிருக்கும், அதை வைத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. புதிய கார்க்கை எண்ணெயில் ஊறவைத்துப் பூட்டுங்கள்.

இனி டிஸ்ட்ரிபியூட்டர். மெக்கானிக்கோடு நான் முற்றிலும் மாறுபடுவது இங்கேதான். டிஸ்ட்ரிபியூட்டரின் உயிர் அதன் வெளியுடலில் இல்லை. உள்ளே இருக்கும் இரண்டு எடைகளிலும் இரண்டு சிறு வில்களிலும் இருக்கிறது. எஞ்சின் வேகம் கூடக்கூட எடைகள் விரிந்து, பொறி விழும் நேரத்தை முன்தள்ளுகின்றன. எந்த வேகத்தில் எத்தனை டிகிரி முன்தள்ள வேண்டும் என்பது ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனி, அதற்கேற்பவே உடலில் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். இன்று விற்கப்படும் மாற்றுப் பாகங்களில் பல, பலவகை எஞ்சின்களுக்கும் பொதுவான ஒரே அமைப்போடு வருகின்றன. வண்டி ஓடும். ஆனால் ஏற்றத்தில் இழுவை குறையும், அல்லது எஞ்சின் தட்டும். அதற்கு மருந்தாகக் கார்பரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் பழையதில் தண்டு ஆடுகிறது என்றால் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து பாருங்கள். பொறிக்காக மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட்ஸின் இடைவெளியை, அவற்றைத் திறக்கும் கேமின் நான்கு முனைகளிலும் தனித்தனியே அளவிடுங்கள். 0.014 முதல் 0.016 அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். நான்கும் ஒத்திருந்தால் ஆட்டம் பொறுக்கக்கூடியது. ஒன்றில் 0.014, இன்னொன்றில் 0.019 என்று வந்தால் புஷ் மாற்ற வேண்டும், அது கடைசல்காரருக்கு அரைநாள் வேலை.

நீங்கள் சொன்ன கோளாறு கண்டன்சராகவும் இருக்கலாம், ஆனால் அதை மாற்றியும் தொடர்வதால் எனக்கு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழன்று மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் திருப்பும் ரோட்டார் மீதுதான் ஐயம். ரோட்டாரின் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட்டின் அடிமுனைக்கும் கீழே உள்ள தண்டுக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் மட்டுமே இருக்கிறது. பிளாஸ்டிக்கின் தரம் குறைந்தால், சூடேறியதும் உயர் மின்னழுத்தம் பிளக்குக்குப் போகாமல் அதைத் துளைத்துத் தண்டு வழியாக வண்டியின் உலோக உடலுக்கு (எர்த்) இறங்கிவிடும். சோதனை எளிது: மூடியைக் கழற்றி, உயர் மின்னழுத்தம் தரும் காயிலிலிருந்து வரும் தடித்த வயரின் முனையை ரோட்டாரின் மேல்தகட்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலே, நன்கு காப்பிடப்பட்ட இடுக்கியால் பிடித்துக்கொண்டு, இக்னிஷனைப் போட்டுப் பாயிண்ட்ஸைத் திறந்து மூடுங்கள். தகட்டுக்குப் பொறி தாவக் கூடாது. விடாமல் தாவிக்கொண்டே இருந்தால் அந்த மின்சாரம் போக ஒரு வழி இருக்கிறது என்று பொருள், அந்த வழி ரோட்டாரின் உடல்தான்.

டைனமோவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பின்முனை இரைச்சல் என்றால் அங்குள்ள வெண்கலப் புஷ் தேய்ந்திருக்கும். புதுப் புஷ், புதுக் கார்பன் பிரஷ், தேவையானால் பிரஷ் உரசும் உருளையான கம்யூட்டேட்டரை லேத்தில் மெலிதாக ஒரு வெட்டு, அவ்வளவே. புதுப் புஷ்ஷை அப்படியே அடித்துவிடாதீர்கள். அது நுண்துளைகள் கொண்ட உலோகம். மெல்லிய எஞ்சின் ஆயிலில் 24 மணி நேரம் ஊறினால்தான் தன் வாழ்நாளுக்கான எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும்.

நான்கு டிரம்

மேலே நண்பர் எழுதியதை எல்லாம் ஏற்கிறேன், ஆனால் பிரேக்குக்கும் முன்சக்கரத் தாங்கிகளுக்கும் வரும்போது தேய்ந்தது எது என்ற கேள்வியை மட்டும் கேட்டால் போதாது. அங்கே, இது தோற்றால் என்ன நடக்கும் என்பதையும் கேட்க வேண்டும். கார்பரேட்டர் தோற்றால் வண்டி சாலையோரம் நிற்கும். பிரேக் தோற்றால் நிற்காது.

ரப்பர் என்று பெயருள்ள எதையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். குறிப்பாக மூன்று பிரேக் ஹோஸ்கள். அவை வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே ஊதிப்போய் வழியை அடைத்திருக்கும். பெடலை அழுத்தும்போது எண்ணெய் போகும், விட்டால் திரும்பாது, சக்கரம் பிடித்துக்கொள்ளும். இதை வீல் சிலிண்டர் கோளாறு என்று நினைத்துச் சிலிண்டரை மாற்றியவர்கள் பலர், நானும் அவர்களில் ஒருவன்.

வீல் சிலிண்டரின் இரும்பு உடலைப் பொறுத்தவரை, உட்சுவரைத் துடைத்துவிட்டு நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். சீல் ஓடும் பாதையில் நகம் எங்கும் தட்டாவிட்டால், மெலிதாக ஹோன் (உட்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கும் கருவி) ஓட்டிப் புதுச் சீல் போட்டுப் பயன்படுத்தலாம். குழி தட்டினால், அந்தக் குழி மறையும்வரை ஹோன் ஓட்டுகிறேன் என்று இறங்கக் கூடாது. துளை பெரிதாகிவிட்டால் சீலின் உதடு சுவரை அழுத்திப் பிடிக்காது. இன்று கசியாது, குளிர்ந்த ஒரு காலையில் கசியும். அப்போது இரண்டே வழிகள்: துளையைக் கடைந்து எஃகு ஸ்லீவ் (உள்குழாய்) இறக்கி, அசல் விட்டத்துக்கே கொண்டுவருவது, அல்லது புதுச் சிலிண்டர். துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் இறக்கிய பழைய சிலிண்டரை, ஈரத்தில் மீண்டும் அரிக்கும் புது இரும்புச் சிலிண்டரை விட மேலானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் வீல் சிலிண்டரை இன்னொரு முறை கழற்றுவது ஒரு மணி நேர வேலை என்பதால், அங்கே புதியதை வாங்குகிறவர்களோடு வாதாட மாட்டேன்.

பெடலின் அழுத்தத்தை எல்லாச் சக்கரங்களுக்கும் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் கதை வேறு. மைனரில் அது ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே சேஸிஸ் உறுப்பின் உள்ளே ஒளிந்திருக்கிறது. அதன் போல்ட்டுகளை உருவ முயன்றால் முன் சஸ்பென்ஷனில் வில்லாக வேலை செய்யும் முறுக்குத் தண்டு வழியை மறிக்கும். ஒருமுறை அந்த வேலையைச் செய்தவர் இரண்டாம் முறை செய்ய விரும்ப மாட்டார். ஆகவே எது நீண்ட நாள் உழைக்குமோ அதையே அங்கே வைக்க வேண்டும். என் வண்டியில் பழைய உடலுக்கு ஸ்லீவ் இறக்கி வைத்திருக்கிறேன். பாகத்தின் தரத்தோடு, அதை எட்டுவதற்கு ஆகும் உழைப்பையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள்.

பிரேக் ஷூக்களின் இரும்புப் பிறை நல்ல நிலையில் இருந்தால் அவற்றுக்கே புது லைனிங் ஒட்டித் தரச் சொல்லலாம். டிரம்மின் வளைவோடு அவை பழகியவை, புதிதாக வரும் சில ஷூக்களின் வளைவு சற்றே பிசகி, லைனிங் முனையில் மட்டும் தொடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியை ஊதும் வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டி அகற்றுங்கள்.

நீங்கள் பட்டியலில் எழுதாத ஒன்று எனக்குக் கவலை தருகிறது: முன்சக்கரங்களின் திருகு மரை கொண்ட டிரன்னியன்கள், அதாவது சக்கரம் திரும்பும் அச்சுத் தண்டான ஸ்விவல் பின்னின் முனை திருகி நிற்கும் தாங்கிகள். மைனரில் முன்சக்கரத்தின் சுமை அந்த மரையின் மேல்தான் நிற்கிறது. கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஒருநாள் அது பிடிவிட்டு, சக்கரம் மடிந்து வண்டிக்கடியில் போய்விடும். இதில் பழமைப் பற்றுக்கு இடமே இல்லை. ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் ஸ்விவல் பின்னையும் டிரன்னியனையும் இணையாகவே மாற்றுங்கள். புதியவற்றையும் பூட்டுவதற்கு முன் கையாலேயே திருகிப் பாருங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இறுக்கத்தோடு, தளர்வில்லாமல் ஏற வேண்டும்.

பாதிவழிப் பயணி

இரு நண்பர்களும் கைத்திறன் உள்ளவர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. அந்தத் திறன் இல்லாதவர்கள் படும் பாட்டை யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு டைனமோவும் இரண்டு ஷாக் அப்சார்பர்களும் சீர்செய்யப்பட்டுத் திரும்பும் என்று காத்திருந்து, என் வண்டி 8 மாதங்கள் கட்டைகளின் மேல் நின்றது. அந்த 8 மாதங்களில் டேங்கில் இருந்த பெட்ரோல் கெட்டது, பிரேக் பிடித்துக்கொண்டது, பாட்டரி செத்தது. நின்ற வண்டி தானாகவே புதுக் கோளாறுகளைத் தேடிக்கொள்கிறது என்பதைப் பழைய பாகங்களைப் போற்றுகிறவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்து, "சீர்செய்யப்பட்டது" என்ற சொல் ஒரு தரச் சான்று அல்ல. எனக்குத் திரும்பி வந்த ஷாக் அப்சார்பர்களில் ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து எண்ணெய் நிரப்பியிருந்தார்கள், அவ்வளவே நடந்திருந்தது. தண்டின் சீலும் புஷ்ஷும் பழையவையாகவே இருந்தன. இப்போது எதைப் பூட்டும் முன்னும் வைஸில் நேராகப் பிடித்து, நெம்புகோலைக் கையால் மேலும் கீழும் முழுத் தூரமும் தள்ளிப் பார்க்கிறேன். சில தடவை தள்ளியதும் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, இரு திசையிலும் இடைவெளி இல்லாமல் சீரான எதிர்ப்பு வர வேண்டும். நடுவே வெறுமையாகச் சென்று பிறகு பிடித்தால், பூட்டாமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

பழையதைக் கொடுத்துச் சீர்செய்யப்பட்ட இன்னொன்றை வாங்கும் பண்டமாற்று முறையில் இன்னொரு கண்ணி உண்டு. தேய்வு குறைவான, ஒரே கைக்குள் இருந்த உங்கள் பாகத்தைக் கொடுத்துவிட்டு, நான்கு முறை புஷ் மாற்றித் துளை கோணலான ஒன்றை வாங்கி வரக்கூடும். சீர்செய்ய வேண்டுமானால் உங்களுடையதையே சீர்செய்து உங்களுடையதையே திருப்பித் தரும் ஆளைப் பிடியுங்கள்.

புதியவை எல்லாம் மட்டம் என்ற தொனியும் சரியில்லை. பந்து பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது காருக்கென்று செய்யப்படுவதில்லை, உலகம் முழுவதும் ஒரே அளவுத் தரத்தில் எல்லா இயந்திரங்களுக்கும் செய்யப்படுவது. பேரிங்கின் மேல் உள்ள எண்ணைப் படித்து, பெயர்பெற்ற நிறுவனத்தின் புதிய பேரிங்கை வாங்கினால் 1960இன் பேரிங்கை விட எந்த வகையிலும் தாழ்ந்ததாக இருக்காது. ஆயில் சீல், ஃபேன் பெல்ட் ஆகியவையும் அப்படியே. பெட்ரோல் ஹோஸில் இன்றைய ரப்பர்தான் கட்டாயம், ஏனெனில் எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் இளகிப் பிசுபிசுத்துக் கார்பரேட்டரை அடைக்கும். தரம் குறைவது, சிறிய எண்ணிக்கையில் பழைய வண்டிகளுக்கென்று மட்டும் செய்யப்படும் பொருள்களில்தான்.

பம்பரைப் பற்றி ஒரு சொல். அசல் பம்பரின் எஃகு தடிமனானது; நெளிவு எடுத்து, குழிகளைத் தேய்த்து, செம்பு, நிக்கல், குரோமியம் என்று முறையாக முலாம் பூசினால் புதியதை விட நன்றாக அமையும். துத்தநாகக் கலவையில் வார்த்த சிறு அலங்காரப் பொருள்கள் அப்படி அல்ல. அவற்றில் குழி உள்ளிருந்து வருகிறது, முலாம் கரைசலின் அமிலமே அந்த உலோகத்தைத் தின்னும், பழக்கமில்லாத பட்டறையில் கொடுத்தால் பாதி கரைந்து திரும்பும். அவற்றுக்கு மாற்று கிடைத்தால் நான் மாற்றையே வாங்குவேன். வண்டி ஓடுவதற்கும் பம்பருக்கும் தொடர்பில்லை என்பதால் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

மைனர்1960

மூவருக்கும் நன்றி. ரோட்டார் சோதனையை நேற்று மாலை செய்தேன். பொறி விடாமல் தகட்டுக்குத் தாவியது, அதுவும் எஞ்சின் ஆறிய நிலையிலேயே. மாமாவின் பழைய ரோட்டாரை வைத்துச் செய்தபோது தாவவே இல்லை. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. நான் கடையில் நின்று ஒப்பிட்டிருந்தாலும் வேறுபாடு கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

என் நண்பர் இந்தப் பதில்களைப் படித்துவிட்டு, டிரன்னியன், ஹோஸ், ஸ்லீவ், புஷ் என்று போனால் கடைசியில் மாமாவின் வண்டியில் எது மிஞ்சும் என்று கேட்கிறார். கிண்டலாகக் கேட்டாலும் அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. எவ்வளவு மாற்றினால் அது வேறு வண்டி?

ஏடும் எண்ணும்

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் ஒன்று "ஓல்டு நம்பர் ஒன்" என்று அழைக்கப்பட்டது. அது பின்னர் பலமுறை மாற்றிக் கட்டப்பட்டது, வேறு எஞ்சினும் பொருத்தப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து அதை வாங்க ஒப்பந்தம் செய்தவர்கள், பந்தயத்தில் ஓடிய அசல் பாகங்கள் இதில் மிகக் குறைவு, ஆகவே இது அந்தக் கார் அல்ல என்று வாதிட்டார்கள். 1990இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம், அந்தக் காரின் வரலாறு ஒருபோதும் அறுபடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது, அது நகலும் அல்ல, வேறிடத்தில் பிறந்ததும் அல்ல, எனவே அந்தப் பெயருக்கு அதுவே உரியது என்று தீர்ப்பளித்தது. எத்தனை விழுக்காடு உலோகம் மிஞ்சியது என்று மட்டும் எண்ணி அந்தத் தீர்ப்பு எழுதப்படவில்லை.

பழமையான வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனமும் இதே திசையில்தான் போகிறது. பழைய கட்டடங்களைக் காப்பது பற்றிய 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்ட அது, இருப்பதைக் காப்பதற்கு முதலிடம் தருகிறது. மாற்றியே ஆக வேண்டுமானால் என்ன செய்தோம் என்பதைப் பதிவு செய்யச் சொல்கிறது. டிரன்னியனை மாற்றியதால் உங்கள் வண்டி மாறிவிடாது. மாற்றியதை எழுதி வைக்காமல் விட்டால்தான் அடுத்த தலைமுறைக்கு எது மாமாவின் கை பட்டது, எது உங்கள் கை பட்டது என்று தெரியாமல் போகும்.

நடைமுறையில் நான் செய்வது இது: கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம், ஒரு நோட்டில் நாளும் ஓடோமீட்டர் எண்ணும் காரணமும். பழைய பாகத்தில் எண்ணெய் தடவி, தடித்த காகிதத்தில் சுற்றி, சீட்டுக் கட்டி ஒரு பெட்டியில் வைக்கிறேன். எண் பொறித்த தகடுகள், எஞ்சின் எண், டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் உள்ள எண் ஆகியவற்றை முலாமோ மணல் வீச்சோ தொடாமல் பார்த்துக்கொள்கிறேன். மணல் வீச்சுக்கு அனுப்பிய ஒரு டைனமோவிலிருந்து தேதிக் குறியீடு காணாமல் போனதற்குப் பிறகு வந்த பாடம் அது.

கடைசல் பட்டறை

பாதிவழிப் பயணி சொன்ன காத்திருப்புக் கணக்கு நியாயமானது, அதை நான் விட்டுவிட்டேன். அதற்கு ஒரு வழி உண்டு: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றி அனுப்பாதீர்கள். ஒன்று திரும்பி வந்து ஓடிய பிறகு அடுத்ததைக் கழற்றுங்கள். புதிதாக வாங்கிய டிஸ்ட்ரிபியூட்டரையும் வீணென்று நினைக்க வேண்டாம். பழைய ரோட்டாரை அதில் போட்டால் உங்கள் பழையது பட்டறையில் இருக்கும் நாள்களில் அது வண்டியை ஓட்டும். ரிவெட் இல்லாத வகை ரோட்டார் கிடைத்தால் இன்னும் ஒன்றை வாங்கிக் கையுறைப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

மைனர்1960

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் நான்கு முனைகளையும் அளந்தேன்: 0.015, 0.015, 0.016, 0.015. தண்டு ஆடுவதாக நான் நினைத்தது பெரும்பாலும் மேலும் கீழுமான அசைவுதான். அடிப்பக்கத்து வாஷரை மாற்றியதும் அடங்கிவிட்டது, புஷ்ஷைத் தொடவே இல்லை. எடைகளின் அச்சில் காய்ந்திருந்த கிரீஸைக் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மாமாவின் ரோட்டாரோடும் மாமாவின் கண்டன்சரோடும் பூட்டினேன். இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டியும் அணையவில்லை. மெக்கானிக் பானட்டுக்குள் குனிந்து சிறிது நேரம் கேட்டுவிட்டு, சரி, இது இருக்கட்டும் என்றார்.

கார்பரேட்டரில் தண்ணீர்ச் சொட்டு விட்டதும் வேகம் மாறியது. புதுத் தண்டு போட்டேன். ஒரு பக்கம் முழுதும் சரியாகிவிட்டது, மறுபக்கத்தில், திராட்டில் கம்பி இழுக்கும் பக்கத்தில், இன்னும் மெலிதாக ஆட்டம் இருக்கிறது. ஐடிலிங் இப்போது நிலையாக நிற்பதால், புஷ் வேலையை அடுத்த முறைக்கு ஒத்திவைத்திருக்கிறேன். பிரேக்கில் நான்கு டிரம் சொன்னபடி ஹோஸ்கள் மூன்றும் போயின. வீல் சிலிண்டர்களில் இரண்டு புதியவை, மற்றவற்றுக்குச் சீல் மட்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு ஸ்லீவ் இறக்கக் கொடுத்திருக்கிறேன், அதைக் கழற்ற ஒரு முழுநாள் ஆனது என்பதையும் முறுக்குத் தண்டைப் பற்றி எச்சரித்தது மிகையல்ல என்பதையும் பதிவு செய்கிறேன். வலப்பக்க டிரன்னியனில் ஆட்டம் இருந்தது. இரு பக்கமும் மாற்றிவிட்டேன். பழையவை இரண்டும் சீட்டுக் கட்டிப் பெட்டியில் இருக்கின்றன, நண்பரை அழைத்து அந்த மரை எவ்வளவு மழுங்கியிருக்கிறது என்று காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை.

டைனமோவின் புதுப் புஷ் இன்று காலை முதல் ஒரு சிறு கிண்ணத்தில் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது. நாளை காலை அடிக்கலாம். அடிக்கும்போது தண்டைப் போலவே வழவழப்பாகக் கடைந்த ஒரு கம்பியை உள்ளே செருகி அடிக்க வேண்டுமா, அல்லது அடித்த பிறகு ரீமர் ஓட்டலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

கடைசல் பட்டறை

கம்பியைச் செருகியே அடியுங்கள். ரீமர் ஓட்டினால் அந்த நுண்துளைகளின் வாய் அடைபட்டுவிடும், 24 மணி நேரம் ஊறவைத்தது வீணாகும்.